வானொலி ஏற்பியின் முதற்படிப் பெருக்கி: வால்வும் டிரான்ஸிஸ்டரும்

1956-ஆம் ஆண்டில் பூனா வானொலி நிலையம், யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உதவியுடன், அன்றைய பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களைச் சேர்ந்த 150 கிராமங்களில் உழவர் வானொலி மன்றங்களை நடத்தியது. வாரத்தில் இரண்டு மாலைகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரமாக, பத்து வாரங்களில் இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பப்பட்டன. கிராமத்தார் பொதுப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்டு, கேட்டதைக் குறித்துத் தம்முள் விவாதித்தனர். இத்தகைய ஏற்பாட்டில் ஒரு மாலை பெட்டி ஊமையானால் அன்றைய பாடம் அவ்வூருக்கு இல்லாமற் போகும். பழுது பார்ப்பவர் வந்து சேர ஒரு வாரம் ஆகுமாயின் இரண்டு பாடங்கள் போய்விடும். வீட்டுப் பெட்டியில் ஓசையின் இனிமையைத் தேடலாம். பொதுப் பணிக்குரிய பெட்டி வேண்டிய வேளையில் பேசினாற் போதும்.

வெள்ள அளவைச் சாவடி, வனக் காவல் நிலையம், மீன்பிடி துறைமுகம், நிவாரண முகாம் ஆகியவற்றில் வைக்கப்படும் ஏற்பிகளுக்கும் இது பொருந்தும். இவற்றிற்கு வால்வு ஏற்றதா, டிரான்ஸிஸ்டர் ஏற்றதா என்னும் வினா நம் நாட்டில் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரு பக்கமிருந்தும் எழுந்தது. பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிலகம் ஏற்பு வால்வுகளை 1961-ஆம் ஆண்டிலும், ஜெர்மானியம் குறைக்கடத்திகளை 1962-ஆம் ஆண்டிலும் தயாரிக்கத் தொடங்கியது. ஒன்றைக் கற்று முடிக்கு முன்பே மற்றொன்றையும் கற்க வேண்டிய நிலை தொழில்நுட்ப ஊழியர்களுக்கு ஏற்பட்டது. ஜெர்மானியத்தின் காலம் முடிந்து, சிலிக்கன் பல வடிவங்களில் வந்துவிட்ட பின்னரும் இவ்வினா மறையவில்லை. பழைய வால்வு ஏற்பிகளைப் பேணி இயக்குவோர் இன்றும் உளர். அவற்றின் உறுதியைப் புகழ்வோரும் உளர். ஆனால், எதனை எதிர்த்து உறுதி என்று முதலில் கேளாமல் கூறப்படும் விடை எதுவாயினும் களப்பணிக்கு உதவாது.

ஏரியலிலிருந்து வரும் சைகையை முதலிற் பெறுவது முதற்படிப் பெருக்கி. ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அல்லது சில பங்குகளே வலிமையுள்ள சைகையை அது வளர்த்து அடுத்த படிக்கு அனுப்புகிறது. அடுத்த ஊரிலுள்ள பெரிய நிலையத்தின் அலை, இடிமேகத்தின் மின்தாக்கம், புழுதிக் காற்று கம்பியில் ஏற்றிவிடும் மின்னூட்டம் ஆகியவையும் அதே கம்பி வழியே அதே உறுப்பையே வந்தடைகின்றன. இந்தப் படியில் நேர்ந்துவிட்ட கேட்டைப் பின்வரும் படிகளால் திருத்த இயலாது.

வால்வில் சூடேற்றப்பட்ட காதோடிலிருந்து எலெக்ட்ரான்கள் வெற்றிடத்தின் வழியே பிளேட்டிற்குச் செல்கின்றன. இடையிலுள்ள கிரிட்டின் மின்னழுத்தம் அவ்வோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆளுகிறது. டிரான்ஸிஸ்டரில் வெற்றிடமும் இல்லை, சூடேற்றும் இழையும் இல்லை. ஓட்டம் ஒரு படிகத்தின் உள்ளேயே நடைபெறுகிறது. இருவகைக்கும் உள்ள நன்மை தீமைகளுள் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறப்பவை.

மின்கலமும் வெப்பமும்

மின்கலத்தைப் பொறுத்தவரை தீர்ப்பு எளிது. உலர் மின்கலப் பெட்டிகளுக்கென்று உருவாக்கப்பட்ட டி.கே. 96, டி.எஃப். 96, டி.ஏ.எஃப். 96, டி.எல். 96 என்னும் நான்கு வால்வுகள் சிக்கனத்திற்குப் பெயர் பெற்றவை. அவற்றின் இழைகள் 1.4 வோல்ட்டில் மொத்தம் 125 மில்லி ஆம்பியர் கொள்கின்றன. அதற்கு மேல் 90 வோல்ட் மின்கல அடுக்கிலிருந்து பத்து மில்லி ஆம்பியர் அளவிற்கு வேண்டும். ஆக ஏறக்குறைய ஒரு வாட். சிறிய டிரான்ஸிஸ்டர் பெட்டியோ தணிந்த ஒலியில் இதில் பத்தில் ஒரு பங்கினைக் கொண்டே இயங்கும். அன்றியும் இரு வகை மின்கலங்கள் இருக்குமிடத்தில் அவற்றை மாற்றிப் பொருத்தும் தவறும் இருக்கும். 90 வோல்ட் அடுக்கை இழைகளின் முனையில் இணைத்துவிட்டால் நான்கு வால்வுகளும் ஒரு நொடியில் எரிந்துபோகும். டிரான்ஸிஸ்டர் பெட்டியிலும் மின்கலத்தைத் தலைகீழாகப் பொருத்துவது அபாயமே. எனினும் மின்சாரம் நுழையும் வழியில் ஒரே ஒரு டையோடைச் சேர்த்தால் அவ்வபாயம் நீங்கும்.

வெப்பம் வேறு கதை. ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டரின் கசிவு மின்னோட்டம், வெப்பநிலை பத்து டிகிரி உயருந்தோறும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 25 டிகிரி செல்சியஸில் 150 மைக்ரோ ஆம்பியர் கசியும் ஒன்று, 55 டிகிரியில் எட்டு மடங்காக, அதாவது 1.2 மில்லி ஆம்பியர் கசியும். கோடைக் காலத்தில் வெயிலில் நிறுத்தப்பட்ட ஜீப் வண்டியின் உட்புறம் 55 டிகிரியை எட்டுவது அரிதன்று. பெருக்குவதற்கென வகுக்கப்பட்ட மின்னோட்டத்தைக் கசிவே விழுங்கிவிடுவதால், முற்பகலில் நன்கு பேசிய பெட்டி பிற்பகலில் திணறி, இரவில் மீண்டும் தெளிவடையும். இவ்வாறு வேளைக்கொரு குணம் காட்டும் பழுதே தேடுபவரை மிகவும் அலைக்கழிப்பது.

இதனை வகுப்பில் மெய்ப்பித்துக் காட்டலாம். ஓ.சி. 71 போன்ற பழைய ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர் ஒன்றின் பேஸ் முனையை எதனோடும் இணைக்காமல் விட்டு, எமிட்டரை 4.5 வோல்ட் மின்கலத்தின் நேர்முனையுடனும், கலெக்டரை 10 கிலோ ஓம் மின்தடை, 500 மைக்ரோ ஆம்பியர் மீட்டர் இவற்றின் வழியாக எதிர்முனையுடனும் சேர்க்க வேண்டும். மாணவர் ஒருவர் அதனை இரு விரல்களால் பற்றிக்கொண்டால், உடற்சூட்டிற்கே முள் மெல்ல ஏறுவதைக் காணலாம். சிலிக்கன் டிரான்ஸிஸ்டரை அதற்குரிய முனை மாற்றத்துடன் வைத்துப் பார்த்தால் முள் அசைவது கண்ணுக்குப் புலப்படாது. மின்தடை இருப்பதால் மீட்டருக்குத் தீங்கு நேராது.

ஜெர்மானியத்திற்கு மற்றொரு குறையையும் பிற்காலம் கற்பித்தது. ஏ.எஃப். 114 முதல் ஏ.எஃப். 117 வரையிலான டிரான்ஸிஸ்டர்களின் உலோகக் கூட்டிற்குள்ளே மயிரிழை போன்ற வெள்ளீயப் படிகங்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து, உள்ளுறுப்பைக் கூட்டுடன் இணைத்துவிடுகின்றன. இயங்காமல் வைக்கப்பட்ட பெட்டிகளும் இதனால் ஊமையாயின. ஆகவே கீழே டிரான்ஸிஸ்டர் எனப்படுவது சிலிக்கன் வகையையே குறிக்கும்.

வெப்பத்தில் வால்வுக்கு அச்சமில்லை. அது தானே வெப்பத்தில் வாழ்வது. ஆனால் அது எழுப்பும் வெப்பம் அண்டை உறுப்புகளை வாட்டுகிறது. வால்வுப் பெட்டி பழுதுற்றால் வால்வையே குறை கூறுவது வழக்கம். பல வேளைகளில் குற்றவாளி, காய்ந்துபோன மின்பகு மின்தேக்கியோ, கசியத் தொடங்கிய காகித மின்தேக்கியோ ஆகும். வெளியீட்டு வால்வின் கிரிட்டிற்கு முன்னுள்ள மின்தேக்கி கசிந்தால் அக்கிரிட் நேர்மின்னழுத்தம் பெற்று, வால்வு தாங்கவொண்ணா மின்னோட்டத்தை இழுத்து அழியும். புது வால்வைப் பொருத்தினால் அதுவும் அழியும்.

வலுத்த சைகைகளின் தொல்லை

முதற்படிப் பெருக்கிக்குச் சிறந்த இலக்கணம் கூர்மையான செவி என்று எண்ணுவது இயல்பு. நடு அலையிலும் சிற்றலையின் கீழ்ப்பகுதியிலும் இவ்வெண்ணம் ஏமாற்றும். வெப்ப மண்டலத்தில், தொலைவிலுள்ள இடிமேகங்கள் எழுப்பும் இரைச்சலே ஏற்பியின் சொந்த இரைச்சலைவிடப் பன்மடங்கு பெரிது. இதனை அறிய ஒரு சோதனை போதும். நிலையம் ஒன்றும் கேளாத இடத்தில் ஏற்பியை வைத்து, ஏரியலைக் கழற்றிப் பார்க்கவேண்டும். இரைச்சல் தெளிவாகக் குறையுமாயின் அவ்வேற்பிக்கு வேண்டிய அளவு செவி ஏற்கனவே உண்டு. மேலும் ஒரு பெருக்கியைச் சேர்ப்பது இரைச்சலைப் பெருக்குமேயன்றிச் செய்தியைத் தெளிவாக்காது.

வலுத்த சைகைகளைத் தாங்குவதே கடினமான பணி. நாகபுரியிலும் ராஜ்கோட்டிலும் 1,000 கிலோவாட் நடு அலை நிலையங்கள் நிறுவப்பட்டன. இத்தகைய நிலையத்தின் அண்மையில் நீண்ட ஏரியல் ஒன்றில் எழும் மின்னழுத்தம் மைக்ரோ வோல்ட்டில் அளக்கத்தக்கதன்று. தேடும் நிலையம் வேறு அலைவரிசையில் இருப்பினும், முதற்படி தடுமாறினால் யாவும் கலங்கிவிடும். 7,200, 7,300 கிலோ ஹெர்ட்ஸ்களில் இரண்டு வலுத்த நிலையங்கள் பேசுவதாகக் கொள்வோம். முதலாவதன் இரு மடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 7,100 வரும். கோணலாக இயங்கும் பெருக்கி அவ்விடத்தில் ஒரு பொய்ச் சைகையைத் தானே படைக்கும். 7,100-இல் வெள்ளச் செய்திக்குக் காத்திருப்பவரின் காதில் இரு நிலையங்களின் பேச்சும் குழம்பி விழும்.

பொய்ச் சைகை வெளியே பிறந்ததா, பெட்டிக்குள் பிறந்ததா என்று கண்டறிவதற்கு மூன்று மின்தடைகள் போதும். ஏரியல் முனையிலிருந்து மண்ணிணைப்பிற்கு 100 ஓம், ஏற்பியின் முனையிலிருந்து மண்ணிணைப்பிற்கு 100 ஓம், இவ்விரு முனைகளுக்கும் இடையே 68 ஓம் என அமைத்தால் 50 ஓம் கம்பி வடத்திற்குப் பொருந்திய பத்து டெசிபெல் தணிப்பான் கிடைக்கும். அதனை இடையிற் சேர்த்தால் மெய்யான சைகை பத்து டெசிபெல் குறையும். பெட்டிக்குள் பிறந்த மேற்கூறிய வகைப் பொய்ச் சைகையோ முப்பது டெசிபெல் வீழும். மங்கிய ஒலியில் செய்தி தெளிவாக வெளிப்பட்டால் குற்றம் முதற்படியினுடையது. சில ரூபாய் பெறும் இச்சிறு சாதனத்தை நிலையான உறுப்பாகவே ஏற்பியில் வைத்துக்கொள்வது நன்று.

இத்துறையில் வால்வு ஈட்டிய பெயர் பொய்யன்று. 6 பி.ஏ. 6 என்னும் பெண்ட்டோடின் கிரிட்டை மைனஸ் 1 வோல்ட்டிலிருந்து மைனஸ் 20 வோல்ட் வரை கொண்டு சென்ற பின்னரே அதன் பெருக்கம் ஏறக்குறைய முற்றும் அடங்குகிறது. இடையிலுள்ள சரிவு மெதுவானது. சாதாரண இருமுனைச் சந்தி டிரான்ஸிஸ்டரிலோ பேஸ் மின்னழுத்தம் 18 மில்லி வோல்ட் உயர்ந்தாலே மின்னோட்டம் இரட்டிப்பாகும். ஒன்று நீண்ட சாய்தளம், மற்றொன்று செங்குத்துப் படி. ஒரு மில்லி ஆம்பியரில் இயங்கும் டிரான்ஸிஸ்டரை நேரே ஏரியலுடன் இணைத்தவர்கள் அது வால்வுக்கு ஈடாகாது என்று முடிவு செய்ததில் வியப்பில்லை.

ஆயினும் அவர்கள் கண்டது அச்சுற்றின் குறை. டிரான்ஸிஸ்டரின் எமிட்டரில் இயற்கையாக அமைந்த தடை, 26-ஐ மில்லி ஆம்பியர் எண்ணால் வகுத்தால் கிடைக்கும். 1 மில்லி ஆம்பியரில் அது 26 ஓம். 50 மில்லி ஆம்பியரில் அரை ஓம் அளவே. சைகைக்கேற்பக் கோணலாக மாறுவது இந்தத் தடையே. மின்னோட்டத்தை உயர்த்தி இதனைச் சிறுக்கச் செய்து, வெளியே சில ஓம் மின்தடையை எமிட்டரில் சேர்த்தால், மாறாத தடை பெரிதாகவும் மாறும் தடை சிறிதாகவும் ஆகிக் கோணல் மிகவும் குறைகிறது. பெருக்கத்தில் ஒரு பகுதியை இழந்து ஒழுங்கைப் பெறும் இம்முறையே எதிர்ப் பின்னூட்டம். 2 என் 5109 போன்ற டிரான்ஸிஸ்டரை ஐம்பதுக்கு மேற்பட்ட மில்லி ஆம்பியரில் இம்முறையில் இயக்கும் முதற்படி, பழைய ஏற்பு வால்வுகளை இத்துறையிலும் விஞ்சிவிடும். விலையும் உண்டு: அம்முதற்படி ஒன்றே சிறிய டிரான்ஸிஸ்டர் பெட்டி முழுவதும் கொள்ளும் மின்னோட்டத்தைப்போல் ஐந்து மடங்கு கொள்ளும். மின்கலத்தில் பெற்ற ஆதாயத்தை இங்கே திருப்பிக் கொடுக்க நேர்கிறது. பெரிய நிலையங்களுக்கு அப்பால் காட்டில் இயங்கும் சாவடிக்கு இச்செலவு வீண். அங்கே ஜே 310 போன்ற சந்திப் புல விளைவு டிரான்ஸிஸ்டர் பத்து மில்லி ஆம்பியரில் போதிய அளவு தாங்கும். அதற்கு முன் நல்ல இசைவுச் சுற்று ஒன்று இருத்தல் வேண்டும். வேண்டாத நிலையத்தைப் பெருக்கிக்கு எட்டாமலே நிறுத்திவிடும் சுருளும் மின்தேக்கியும் எவ்வகைப் பெருக்கிக்கும் முதல் துணை.

மின்னல்

ஏரியலின் மேலேயே மின்னல் விழுமாயின் வால்வும் தப்பாது, டிரான்ஸிஸ்டரும் தப்பாது. ஆராய வேண்டியது அருகில் விழும் மின்னல். அது கம்பியில் நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான வோல்ட்டுகளைத் தூண்டும். வால்வின் கிரிட்டில் ஒரு பொறி தெறித்து அடங்கும். அடுத்த கணம் வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கும். டிரான்ஸிஸ்டரின் பேஸ், எமிட்டர் சந்தி எதிர்த்திசையில் ஆறு வோல்ட் அளவிலேயே முறிகிறது. அது முற்றும் அழிந்துவிட்டால் நல்லது என்றே சொல்ல வேண்டும், மாற்றிவிடலாம். அழியாமல், பெருக்கம் குன்றி இரைச்சல் கூடிய நிலையில் தொடர்ந்து இயங்குவதே தீது. அருகிலுள்ள நிலையம் கேட்டுக்கொண்டே இருப்பதால் பெட்டி நலமாக உள்ளதென ஊழியர் கருதுவார்; தொலைவிலிருந்து வரும் மெல்லிய எச்சரிக்கை அதற்குக் கேளாது. காப்பிடப்பட்ட கேட் உடைய புல விளைவு வகையில் நிலைமை இன்னும் மென்மையானது. காய்ந்த கையால் தொட்டாலே சில வகைகளின் ஆக்ஸைடுப் படலம் துளைபடக்கூடும்.

ஆகவே மின்னலைப் பொறுத்தவரை வால்வு இயற்கையிலேயே உறுதியானது. டிரான்ஸிஸ்டருக்கு அவ்வுறுதியை வெளியிலிருந்து தரவேண்டும். கம்பி கட்டடத்திற்குள் நுழையுமிடத்தில் வாயுக் குழல் தடுப்பி ஒன்றைத் தடித்த, குறுகிய கம்பியால் மண்ணுடன் இணைக்கவேண்டும். ஏரியலுக்கும் மண்ணிற்கும் இடையே 100 கிலோ ஓம் மின்தடை ஒன்று, புழுதிக் காற்று ஏற்றும் மின்னூட்டத்தை அவ்வப்போது வடித்துவிடும். இசைவுச் சுற்றைக் கடந்த பின், எதிரெதிராக இணைக்கப்பட்ட டையோடுகள் எஞ்சிய தாக்கத்தை ஒரு வோல்ட்டிற்குள் அடக்கும். சிறு நியான் விளக்கைத் தடுப்பியாக வைக்கும் பழைய வழக்கம் வால்வுக்கு ஏற்றது. எழுபது வோல்ட்டிற்கு மேலேயே விழிக்கும் காவலன் ஆறு வோல்ட்டில் மாளும் டிரான்ஸிஸ்டருக்கு உதவான்.

டையோடுகளைச் சேர்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அவையே கோணலான உறுப்புகள். பெரிய நிலையத்தின் அருகில் அவை தாமே பொய்ச் சைகைகளைப் படைக்கும். மின்னலுக்காகச் செய்த காப்பு, முற்பகுதியில் விவரித்த தொல்லையை வாசல் வழியே அழைத்து வருகிறது. பக்கத்திற்கு இரண்டு அல்லது மூன்று டையோடுகளைத் தொடராக அமைப்பதும், ஏரியல் முனையில் வைக்காமல் இசைவுச் சுற்றுக்குப் பின்னால் வைப்பதும் இதற்குரிய பரிகாரங்கள்.

பழுதும் மாற்றுறுப்பும்

குலுக்கலில் டிரான்ஸிஸ்டருக்கு நிகரில்லை. ஈரத்திலும் அதற்கே சற்று மேன்மை: வால்வுச் சுற்றின் மெகா ஓம் மின்தடைகளைக் கடற்கரைக் காற்றின் உப்பீரம் எளிதில் கெடுக்கும், டிரான்ஸிஸ்டர் சுற்றின் தடைகள் தாழ்ந்தவை.

பழுதறிவதில் வால்வு வெளிப்படையானது. குமிழின் உச்சியில் வெள்ளி போல் மின்னும் பேரியப் பூச்சு பால் போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. வேறு சோதனை வேண்டுவதில்லை. பற்றவைப்பு இரும்பின்றியே அதனைப் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். ஆனால் செருகுவதற்கு வேறொன்று வேண்டுமே! ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளில் இன்றும் தயாராகும் வால்வுகள் பெரும்பாலும் இசைப் பெருக்கிகளுக்கானவை. ஏற்பு வால்வுகள் பழைய இருப்பிலிருந்தே கிடைக்கின்றன. டிரான்ஸிஸ்டர் பக்கமும் முற்றிலும் நிழலன்று. 40673 போன்ற புகழ்பெற்ற வகைகள் வழக்கொழிந்துவிட்டன. தேர்ந்தெடுக்கும் நாளிலேயே ஒரு கைப்பிடி மாற்றுறுப்புகளை வாங்கி வைப்பது இருவகைக்கும் பொது விதி.

2004 டிசம்பரில் ஹைதராபாதிலுள்ள தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று அந்தமானில் வானொலி நிலையம் இயக்குவதற்காகப் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தது. 26-ஆம் தேதி சுனாமி தாக்கியதும் அக்குழு தன் பொழுதுபோக்கை நிறுத்தி, தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே அவசரச் செய்திகளைப் பரிமாறியது. பெட்டியில் அடக்கிக் கப்பலிலும் விமானத்திலும் கொண்டு செல்வதற்கும், மின்வழங்கல் அற்றவிடத்தில் 12 வோல்ட் மின்கலத்தில் உடனே பேசுவதற்கும் குறைக்கடத்திச் சாதனத்திற்கு ஒப்பானது இல்லை. இடம் மாறும் பணிக்கும், மின்சாரம் நிச்சயமற்ற சாவடிக்கும் மேற்கூறிய காப்புகளுடன் கூடிய சிலிக்கன் முதற்படியே தக்கது. வலுத்த நிலையத்தின் அருகில், மின்சாரம் தவறாத கட்டடத்தில், மிகு மின்னோட்டத்தில் இயங்கும் பின்னூட்டப் பெருக்கியை அமைக்கலாம். அங்கே நல்ல வால்வு ஏற்பி ஏற்கனவே இருந்து, மாற்று வால்வுகளும் கையிருப்பில் இருப்பின், அதனைக் கழித்துக் கட்ட அவசரம் வேண்டியதில்லை. இடிமழை மிகுந்த இடமாயின் அது தன் இருப்பிடத்தை நியாயப்படுத்திக்கொள்ளும்.

சிலிக்கன் முதற்படியைப் பொருத்தும் நாளில் எமிட்டர் மின்தடையின் குறுக்கேயுள்ள மின்னழுத்தத்தை அளந்து, பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டவேண்டும். அத்துடன், நாள்தோறும் குறித்த வேளையில் மெலிதாகக் கேட்கும் தொலை நிலையம் ஒன்றின் பெயரையும் வேளையையும் குறித்து வைக்கவேண்டும். பெரிய இடிமழை கடந்த மறுநாள் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. மின்னழுத்தம் மாறாதிருந்தும் அம்மெல்லிய நிலையம் அடுத்தடுத்து மூன்று நாட்கள் கேளாமற் போனால், அருகு நிலையம் எவ்வளவு உரக்கக் கேட்பினும் முதற்படி டிரான்ஸிஸ்டரை மாற்றிப் பார்க்க வேண்டும்.